கொல்லையில் கட்டிய அடுப்பு மேடை: பாதிச் சமையலில் தீ இறங்கிவிடுகிறது, ஏன்?

புதுமேடை:
வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் செங்கல் மேடை கட்டி, மேலே கருங்கல் பலகை பதித்து, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு வைத்திருக்கிறோம். மழைக்குத் தகரக் கூரை. உட்கார மர பெஞ்சும் நாற்காலிகளும்.

பற்ற வைத்ததும் தீ நன்றாகத்தான் எழுகிறது. பெரிய பாத்திரங்களை ஏற்றி இரண்டு பர்னரையும் முழுதாகத் திறந்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் இரண்டிலும் தீ தானாகவே இறங்கிவிடுகிறது. அது போக, இடது பர்னர் மட்டும் எப்போதும் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கிறது. ரெகுலேட்டரை மாற்றியும் பலனில்லை. இதே சிலிண்டரை உள்ளே சமையலறையில் மாட்டினால் ஒரு குறையும் இல்லை. சிலிண்டர் மேடைக்கு அடியில், கதவு போட்ட அறையில் இருக்கிறது.

இன்னொன்று: நாற்காலிக் கால்கள் தரையை ஒட்டிக் கறுத்து வருகின்றன. வார்னிஷ் அடித்த மரம். இதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

நீலச்சுடர்:
முதலில் அந்தக் கதவைக் கழற்றிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அதில் கலந்திருப்பவற்றில் புரோப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் சுமார் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போய்க் கலையாது, தரையோடு தேங்கி நிற்கும். மூடிய அறைக்குள் அப்படித் தேங்கியதற்கு மேலேயே நீங்கள் தீ மூட்டுகிறீர்கள். திறந்த வெளிதானே என்று நினைக்க வேண்டாம், அந்த அறைக்குள் வெளிக்காற்று போவதே இல்லை.

அப்புறம் மூன்று கேள்வி. தீ இறங்கும் நேரத்தில் சிலிண்டரைத் தொட்டால் எப்படி இருக்கிறது? அறையில் தரையை ஒட்டித் துளை ஏதாவது உண்டா? இடது பர்னரின் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா?

சட்டுவம்:
எனக்கும் இப்படித் தீ இறங்கியதுண்டு. சிலிண்டரை ஒரு வாளி வெந்நீரில் நிறுத்தினேன், சரியாகிவிட்டது. காற்றடித்தால் அடுப்பைச் சுற்றி நாலு பக்கமும் தகரம் வைத்து மறைத்துவிடுங்கள்.

நீலச்சுடர்:
சட்டுவம், தயவுசெய்து இரண்டையும் விட்டுவிடுங்கள். சிலிண்டரைச் சூடாக்கினால் உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பது நம் கையில் இல்லை. நாலு பக்கமும் மறைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றிக் கீழே திரும்பும். திருகுகளும் ரப்பர் டியூபும் அதில் வேகும். காற்று வரும் ஒரு பக்கம் மட்டும், அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு குட்டைச் சுவர் இருந்தால் போதும்.

புதுமேடை:
கதவைக் கழற்றிவிட்டேன். அறையில் எங்கும் துளை இல்லை. சிலிண்டரின் கீழ்ப்பாதி சில்லென்று இருக்கிறது, ஒரு கோட்டுக்குக் கீழே வெளிப்புறம் வியர்த்திருக்கிறது. இடது பர்னர் குழாயின் வாயில், காற்று உள்ளே போகும் திறப்புக்குப் பின்னால், பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிகிறது.

நீலச்சுடர்:
அப்படியானால் இவை தனித்தனியான இரண்டு கோளாறுகள்.

தீ இறங்குவதற்குக் காரணம் குளிர்ச்சி. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் உலோகத்திடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும்தான் எடுக்கிறது. இரண்டு பர்னரும் முழு வேகத்தில் இழுக்கும்போது, இழந்த வெப்பம் திரும்பி வருவதற்குள் திரவம் குளிர்ந்து அழுத்தம் குறைந்துவிடும். நீங்கள் பார்த்த வியர்வைக் கோடு திரவ மட்டம். மட்டம் இறங்க இறங்க வெப்பம் வாங்கும் பரப்பும் குறையும், அதனால் சிலிண்டர் காலியாகும் சமயத்தில் தொல்லை கூடும். சமையலறை அடுப்பு இழுக்கும் அளவு குறைவு, அங்கே இது தெரியாது. பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரோப்பேன் -42 டிகிரி வரை தாங்கும். பியூட்டேன் கூடுதலாக உள்ள கலவையில் சிக்கல் சீக்கிரம் வரும்.

கதவு போனதால் காற்றோட்டம் வந்து இதுவும் ஓரளவு சரியாகும். போதாவிட்டால் பெரிய சிலிண்டர், அல்லது விநியோகிப்பவரின் ஆளை வைத்து இரண்டு சிலிண்டரை இணைப்பது. எதுவானாலும் அடுப்புக்கு நேர் கீழே வேண்டாம், பக்கவாட்டில் தள்ளி, சாக்கடை வாயிலிருந்து விலக்கி வையுங்கள். மேடைச் சுவரின் எதிரெதிர்ப் பக்கங்களில் தரையை ஒட்டிச் செங்கல் எடுத்துத் துளை விடுங்கள்.

மஞ்சள் தீக்குக் காரணம் சிலந்தி. அந்த வெள்ளைப் பஞ்சு அதன் கூடு. காற்று உள்ளே போகாமல் கேஸ் மட்டும் போனால் தீ மஞ்சளாகும், கரி பிடிக்கும், சில நேரம் தீ திரும்பித் திருகுப் பக்கமே வரும். சிலவகைச் சிலந்திகளுக்கு இப்படிப்பட்ட குழாய்கள் ரொம்பப் பிடிக்கும். 2011ல் மஸ்தா நிறுவனம் பெட்ரோல் ஆவிக் குழாயில் சிலந்தி வலை கட்டுகிறது என்று ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றது.

சிலிண்டரை மூடி, பர்னர் ஆறியதும் கழற்றுங்கள். பாட்டில் கழுவும் நீண்ட பிரஷைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றி இழுங்கள். ஜெட்டின், அதாவது கேஸ் பீறிடும் சிறு முனையின், துளைக்குள் ஊசி விடாதீர்கள், துளை பெரிதானால் தீயின் அளவே மாறிவிடும்; ஊதிவிட்டால் போதும். மாட்டும்போது குழாயின் வாய் ஜெட்டின்மேல் நேராக உட்கார வேண்டும். கடைசியில் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, அடுப்பை மூடி, சிலிண்டரைத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.

இழைப்புளி:
நாற்காலி விஷயம். கால்களைத் தலைகீழாக்கிப் பாருங்கள், அடியில் வெட்டுமுகம் வெறும் மரமாக இருக்கும், அங்கே வார்னிஷ் படாமல் விட்டிருப்பார்கள். மரம் தண்ணீர் குடிப்பதே அந்த முகத்தில்தான். தரை ஈரம் மேலேறுகிறது, மேலே உள்ள வார்னிஷ் அதை வெளியே விடுவதில்லை. கறுப்பு அதனால் வருவது.

நன்றாகக் காயவிட்டு, கறுத்த இடத்தை இழைத்து, அடிமுகத்துக்கு எபாக்சிப் பிசின் இரண்டு பூச்சு கொடுத்து நைலான் குமிழ் அடியுங்கள். வார்னிஷ் வெயிலில் வெடிக்கும், வெடித்த இடத்தில் நீர் புகும். வெளியில் கிடக்கும் மரத்துக்கு எண்ணெய்தான் நல்லது, உரிக்காமலே மறுபடி தேய்க்கலாம். தேக்கு சாம்பல் நிறமானால் பயப்பட வேண்டாம், அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல.

புதுமேடை:
குழாயைச் சுத்தம் செய்தாயிற்று, இடது பர்னர் இப்போது வலதைப் போலவே நீலம். சோப்புத் தண்ணீரில் குமிழி இல்லை. சிலிண்டரைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டேன். இரண்டையும் முழுதாகத் திறந்தால் கடைசியில் கொஞ்சம் இறங்குகிறது, பெரிய சிலிண்டருக்குச் சொல்லியிருக்கிறேன். தீயில் நடுநடுவே ஆரஞ்சுப் பொறி தெறிக்கிறதே, அது என்ன? இழைப்புளி, ஆளிவிதை எண்ணெய் கையில் இருக்கிறது, அதையே தேய்க்கலாமா?

நீலச்சுடர்:
பொறி காற்றிலுள்ள தூசி, பொங்கி வழிந்த உப்பு. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். முழுத் தீயும் மஞ்சளானால் மட்டும் மறுபடி குழாயைப் பாருங்கள்.

இழைப்புளி:
தேய்க்கலாம், மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஆனால் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கக்கும், குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொரு துணியையும் விரித்து, திறந்த வெளியில் தரையில் தனித்தனியாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். அடுப்பு மேடைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.