டிரான்ஸ்லேங்குவேஜிங்: ‘மொழிக்கலப்பு’ வேண்டாமே

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

வகுப்பில் இரண்டு மொழிகளையும் சேர்த்துப் பயன்படுத்திக் கற்பிப்பதை ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்லேங்குவேஜிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மொழிக்கலப்பு’ என்ற சொல்லே போதும் என்கிறீர்கள். எனக்கு உறுத்துகிறது. கலப்பு என்றதும் நம் காதில் கலப்படம்தான் விழும். வகுப்பில் இரண்டு மொழி பேசும் ஆசிரியர்கள் ஏற்கெனவே கூசிப்போய்த்தான் இருக்கிறார்கள். நாமும் ஒரு வசைப்பெயர் வைக்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1996 அரசியலமைப்பில் ஆட்சிமொழிகள் 11. 2023இல் சைகைமொழியோடு 12. (ஆட்சிமொழியாக இல்லாவிட்டாலும், மதித்துப் பேணவேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரும் அதில் இருக்கிறது.) தாய்மொழியை விடாமல் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்கிறது 1997 கல்விமொழிக் கொள்கை. நடப்பிலோ, கோசா, சூலு போன்ற தாய்மொழிகளில் படித்துவந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நெடுங்காலமாக நான்காம் வகுப்பில் சட்டென்று ஆங்கிலத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

அப்படியொரு வகுப்பில் நீர் ஆவியாதல் பாடம் என்று வையுங்கள். ஆசிரியர் ஆங்கில வாக்கியத்தைக் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துகிறார். நாற்பது குரலும் சேர்ந்து ‘வேப்பர்’ (ஆவி) என்கின்றன. யாருக்குப் புரிந்தது? தெரியாது. யாருக்கும் தலைகுனிவில்லை, அவ்வளவுதான். அந்நாட்டின் குவாசுலு பகுதியில் வகுப்பறை ஒன்றை ஆராய்ந்த கீத் சிக் இதைத்தான் ‘சேஃப் டாக்’ (பாதுகாப்பான பேச்சு) என்றார். நான் ‘ஒப்புக்குப் பேச்சு’ என்பேன்.

அதே ஆசிரியர் கோசாவுக்கு மாறி, தரையில் கொட்டிய ‘அமன்சி’ எங்கே போனது என்று கேட்கட்டும். ‘இலாங்கா’ குடித்துவிட்டது என்பாள் ஒரு சிறுமி. தண்ணீரைச் சூரியன் குடித்ததாம்! நிழலில் போட்ட துணியும் காய்கிறதே என்பான் இன்னொருவன். உரையாடல் இங்கேதான் பிறக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் ஆங்கிலச் சொல்லுக்குப் போகலாம்.

இப்படி இரு மொழிகளிலும் நடத்தும் ‘டிரான்ஸ்லேங்குவேஜிங்’குக்கு என் பரிந்துரை ‘மொழிப்பின்னல்’. ‘மொழி ஊடாட்டம்’ அழகான சொல்தான்; ஆனால் ஊடாட்டம் ‘இன்டராக்‌ஷன்’ என்பதற்குப் புழங்கிவிட்டது. ‘குறிமாற்றம்’ பேச்சின் நடுவே மொழி மாறும் கோட்-ஸ்விட்ச்சிங்குக்கு இருக்கட்டும். வேல்சில் 1980களில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் இதற்கு முதலில் வைத்த வெல்ஷ் சொல் ஒரு வினைச்சொல். ஒரு மொழியில் படித்து இன்னொன்றில் எழுதவைக்கும் திட்டமிட்ட செயலைக் குறித்தது. பின்னலிலும் வினை இருக்கிறது: ‘ஆசிரியர் இரு மொழிகளையும் பின்னி நடத்தினார்’ என்று தடையில்லாமல் எழுதலாம்.

பின்னலில் இழைகள் தனித்தனியே தெரியுமே, பேசுபவர் மனத்தில் மொழிகளுக்கு இடையே சுவரில்லை என்பதுதானே கோட்பாடு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் தேர்வுத்தாள் ஒரே மொழியில் வருகிறது. எந்த இழை நைந்திருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தாக வேண்டும்.

‘ஒப்புக்குப் பேச்சு’ கொஞ்சம் நீளம். ‘ஒப்புப்பேச்சு’ என்று சுருக்கினால் ஒப்பீடு என்று பொருள் திரிகிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.