அவசரகால மலாயாவில் அரசின் செய்தித் துறை: செய்தி எங்கே முடிந்தது, பிரசாரம் எங்கே தொடங்கியது?

கேள்வி (ஈப்போவாசி)
1945-இல் ஜப்பானியர் சரணடைந்த பிறகு மலாயாவுக்குத் திரும்பிய ஆங்கிலேய ஆட்சி, மக்களுக்குச் செய்தி சொல்வதற்கென்றே தனித் துறை அமைத்தது என்று படித்தேன். அத்துறை பத்திரிகைகளோடு எவ்வாறு உறவு வைத்திருந்தது? தோட்டங்களில் இருந்த நம்மவரை அதன் குரல் எப்படி எட்டியது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1 (பழைய ஏடு)
இராணுவ ஆட்சி 1945-இல் நிறுவிய விளம்பர, அச்சுத் துறைதான் தொடக்கம். மறு ஆண்டே அது பொதுத் தொடர்புத் துறையாகப் பெயர் மாறியது. ரேடியோ மலாயாவும் மலாயாப் படப் பிரிவும் அதே 1946-இல் தோன்றின. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது இவை யாவும் இருந்தும், ஒரே திட்டத்தின் கீழ் இயங்கவில்லை. பிபிசியின் ஜெர்மன் பிரிவை நடத்திய ஹியூ கார்ல்டன் கிரீன் 1950 செப்டம்பரில் வந்து அவசரகாலச் செய்திப் பணிக்கு ஓராண்டு பொறுப்பேற்ற பின்னரே ஒழுங்கு பிறந்தது. காட்டிலிருந்து சரணடைந்தவரின் சொந்த வாய்மொழிக்கு இருக்கும் வலிமை அதிகாரியின் அறிக்கைக்கு இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார், சி. சி. டூ போன்ற உள்ளூர்க்காரர்களின் அறிவும் அவருக்குத் துணை நின்றது.

சொல் தேர்வில்கூடச் சிக்கல் இருந்தது. காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டு கெரில்லாக்களை அரசு முதலில் 'கொள்ளையர்' என்றே அழைத்தது. ஆனால் சீனத்தில் ஜப்பானியரும் தேசியவாதிகளும் தங்கள் எதிரிகளை அதே சொல்லால்தான் குறித்திருந்தார்கள் என்பதால், சீனர் காதில் அது வேறு பொருள் தந்தது. 1952-இல் 'கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்' என்று மாற்றினார்கள்.

பதில் 2 (லயத்துப் பிள்ளை)
தோட்டத்தைப் பற்றி, என் தாத்தா சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன். மாலையில் துறையின் வேன் வந்ததும் பெரட்டுக் களத்தில் (தொழிலாளர் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தில்) இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டுவார்களாம். அதுவரை சினிமாவே பார்த்திராத பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, துணியின் பின்பக்கம் நின்றும் பார்ப்பார்களாம். படத்துக்கு முன்னும் பின்னும் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பு வரும். படத்தை எல்லோரும் ரசித்தார்கள், அறிவிப்பை எல்லோரும் நம்பவில்லை என்பார் அவர். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டதைக் கேள்விப்பட்டவர்கள் அந்தக் களத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆற்றாமையை எந்த வேனாலும் ஆற்றியிருக்க முடியாது.

ஈப்போவாசி
மிக்க நன்றி. அப்படியானால் பத்திரிகைகளால் சுதந்திரமாக எழுத முடிந்ததா?

பதில் 3 (பழைய ஏடு)
முழுமையாக முடியவில்லை. 1948-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுக்கு உரிமம் வேண்டும் என்று எண்ணும் ஆசிரியர், யாரும் மிரட்டாமலே எச்சரிக்கையாக எழுதுவார். மற்றொன்று, காட்டுக்குள் நடப்பதைப் பத்திரிகையாளர் நேரில் பார்ப்பது அரிது. அதிகாரிகள் தந்த அறிக்கையையே பெரிதும் நம்பவேண்டிய நிலை.

அதன் விளைவுக்கு பத்தாங்காலி ஒன்றே போதும். 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் சிலாங்கூரில் அந்த ரப்பர் தோட்டத்தில் ஆயுதமற்ற 24 சீனத் தொழிலாளரை ஆங்கிலேயப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டதாக அரசு அறிவித்தது. அப்படையில் இருந்த சிலர் உண்மையைச் சொன்னதாக 1970-இல் லண்டன் பத்திரிகையொன்று வெளியிடும் வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அறிவிப்பே நின்றது. விசாரணை கோரிய உறவினரின் வழக்கை 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. கிரீனின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் வருவதற்கு முன்பே, உயிருடன் எஞ்சிய பத்தாங்காலிப் பெண்களிடம் அரசின் சொல் செல்லாக்காசாகிவிட்டிருந்தது.