42 நாள் வன்னாமை இறால், கரையோரம் ஒதுங்குது. வெள்ளைப்புள்ளி வைரஸ் நோயா? அவசரம்

கழிமுகத்தான்
வேதாரண்யம் பக்கம் ரெண்டு குட்டை, தலா ஒரு ஏக்கர், குட்டைக்கு 1.5 லட்சம் குஞ்சு. போன வாரம் மூணு நாள் விடாத மழை. முந்தாநாள் ஒண்ணாம் குட்டையில செக் ட்ரே (தீனி தின்னுதான்னு பாக்குற தட்டு) சீக்கிரமே காலி. நல்லாத் தின்னுதேன்னு தீவனத்தைக் கூட்டினேன். நேத்து சாயங்காலம் போட்டது அப்படியே கிடக்கு. காலையில கரையோரம் சோம்பி நிக்குது, கையில எடுத்தா துள்ளல, உடம்பு லேசா சிவப்பு. முப்பது செத்திருக்கு. குஞ்சு பிசிஆர் (வைரஸ் டெஸ்ட்) நெகட்டிவ் பாத்து வாங்கினதுதான். என்ன மருந்து போடலாம்?

உப்பாறு
தலை ஓட்டைக் கழட்டி, உள்பக்கச் சவ்வை நகத்தால வழிச்சிட்டு வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. அரை மி.மீ.லேர்ந்து 2 மி.மீ. வரை வட்டம் வட்டமா இருக்கா? வன்னாமையில புள்ளியே தெரியாமலும் சாகும், அதனால இன்னைக்கே பிசிஆருக்குக் குடுங்க. பாக்டீரியாவாலயும் புள்ளி விழும், ஆனா அது இப்படி மொத்தமா சாகாது.

ஏரேட்டர்75
போன வருஷம் எனக்கு இப்படி ஆனப்ப தீவனத்துல ஆன்டிபயாடிக் கலந்தேன், நின்னுச்சு.

உப்பாறு
அண்ணே, நின்னுச்சுன்னா அது வைரஸே இல்ல. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேக்காது. சரக்குல மருந்து மிச்சம் கண்டுபிடிச்சா ஏற்றுமதியில திருப்பி அனுப்பிடுவாங்க. 1995 வாக்குல டைகர் இறால் கூட்டங்கூட்டமாச் செத்தப்பவும் மருந்து இல்ல, இப்பவும் இல்ல.

கழிமுகத்தான்
பிசிஆர் பாசிட்டிவ். சாவு இன்னைக்கு முந்நூறு தாண்டிடுச்சு. நெகட்டிவ் குஞ்சுக்கு எப்படி வந்துச்சு?

உப்பாறு
நண்டு வேலி போட்டிருக்கீங்களா? வாய்க்கால் நண்டு, செத்த இறாலைக் கொத்திட்டுப் பறக்கிற காக்கா, பக்கத்துக் குட்டைத் தண்ணி, எது வேணா கொண்டுவரும். மழையில உப்பும் சூடும் சட்டுனு இறங்கினா அடங்கிக் கிடந்த வைரஸ் எழும்பிடும். மூணுலேர்ந்து பத்து நாளுக்குள்ள குட்டையே காலியாகிடும். அதனால இறால் சைஸ் சின்னதா இருந்தாலும் இப்பவே பிடிச்சு வித்துடுங்க. மனுஷன் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது.

தண்ணியை மட்டும் வாய்க்கால்ல விட்டுடாதீங்க. நாலடி ஆழம்னா ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 4,900 கன மீட்டர். 60 பிபிஎம் (கன மீட்டருக்கு 60 கிராம்) கணக்குக்கு ப்ளீச்சிங் பவுடர் 300 கிலோ. மதகை அடைச்சு ஒரு வாரம் தேக்குங்க.

கழிமுகத்தான்
300 கிலோவா! பக்கத்துல ஒருத்தர் போன வாரம் ராவோட ராவா மதகைத் திறந்துவிட்டார், அவர் எத்தனை கிலோ போட்டார்னு கேக்கணும். சரி, இப்ப பிடிக்கிறேன். ரெண்டாம் குட்டை தட்டு சுத்தமாத் தின்னுது. அதைக் காப்பாத்தலாமா?

உப்பாறு
அந்தக் குட்டைக்கு வேற ஆள், வேற வாளி, வேற வலை. வெளித் தண்ணி ஒரு சொட்டு ஏத்தாதீங்க. தீவனத்தைக் குறைங்க, தண்ணியில காத்து கலக்குற ஏரேட்டரை நிறுத்தாதீங்க. ரெண்டுக்கும் ஒரே வீச்சு வலைதானா இதுவரை?

கழிமுகத்தான்
ஆமாண்ணே. நேத்துகூட அதே வலையாலதான் வீசிப் பாத்தேன்.

உப்பாறு
அப்ப ரெண்டாவதுலேர்ந்தும் நாளைக்கே சாம்பிள் எடுத்துக் குடுங்க.