901 என்றே இருந்திருந்தால் போர்ஷே 911-க்கு இந்த மவுசு வந்திருக்குமா?

ஐந்துரோடு_அன்பு:
நேற்று ஏற்காடு அடிவாரத்தில் ஒரு போர்ஷே 911 கார் எங்களைத் தாண்டி மலையேறியது. கூட வந்தவன் "பேர்லயே கெத்து இருக்குடா" என்றான். 1963 பிராங்க்பர்ட் கண்காட்சியில் அதற்கு வைத்த பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்களுக்குப் பிரான்சில் உரிமை எங்களுடையது என்று பிரெஞ்சுக் கார் கம்பெனி பியூஜோ மல்லுக்கு நிற்க, 1964-ல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டார்கள். இதில் எங்கே வந்தது கெத்து? எந்த எண்ணை ஒட்டியிருந்தாலும் அந்த வண்டி ஓடியிருக்கும்.

லூப்ரோடு_ரைடர்:
ஒத்துக்க மாட்டேன் அண்ணே. காற்றில் குளிரும் எஞ்சினையே 1998-ல் கைவிட்டார்கள், கம்பெனிக்குள் 964, 993, 996 என்று எண் மாறிக்கொண்டே இருந்தது, ஆனால் பின்னால் ஒட்டும் 911-ஐ மட்டும் தொடவில்லை. சும்மாவா?

ஐந்துரோடு_அன்பு:
தம்பி, அந்த எண்ணைக் காப்பாற்றியது இன்ஜினியர்கள். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், ஆரம்ப வண்டிகளில் வளைவில் சட்டென ஆக்சிலேட்டரை விட்டால் வால் வீசிவிடும். முன் பம்பருக்குள் எடைக்கட்டி வைத்தெல்லாம் சமாளித்துப் பார்த்தார்கள், கடைசியில் 1969 மாடலில் இரண்டு அச்சுக்கும் நடுவே 57 மி.மீ. நீட்டினார்கள். 911-க்கு மாற்றாக 1977-ல் 928 வந்ததே, முன்பக்கம் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், எண்ணும் நல்ல எண்தான். 1995-ல் மூட்டை கட்டியது.

கொண்டலாம்பட்டி_டீசல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பின்னால் எடை இருந்தால் ஏறும்போது டயர் நன்றாகப் பிடிக்கும், இறங்கும்போதுதான் சோதனை. இருபது கொண்டை ஊசியிலும் எதிரே பஸ் வந்தால் 911-ஓ 901-ஓ, ஒதுங்கத்தான் வேண்டும்.

லூப்ரோடு_ரைடர்:
சரி, ஃபோர்டு கதைக்கு என்ன சொல்வீர்கள்? 1966-ல் பிரான்சின் லே மான் 24 மணி நேர கார் பந்தயத்தில் ஜெயித்த ஜிடி40, உயரம் 40 அங்குலம் என்பதால் வந்த பெயர். 2000-களில் அதே தோற்றத்தில் புது வண்டி கட்டினார்கள், பெயர் உரிமை வேறொரு கம்பெனியிடம் மாட்டிக்கொண்டதால் வெறும் 'ஃபோர்டு ஜிடி' என்று விட வேண்டியதாயிற்று. பெயருக்கு மதிப்பில்லை என்றால் அந்த உரிமையை எவன் பிடித்து வைத்துக்கொள்வான்?

ஐந்துரோடு_அன்பு:
அந்தப் புது வண்டியின் உயரம் 44 அங்குலம் தம்பி, உரிமை கிடைத்திருந்தாலும் அது பொய்ப் பெயர்தான். மொட்டையாக ஜிடி என்று விட்டே நாலாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். அதற்குப் பதில் சொல்லு.