இடக்கைக்காரர் வெட்டு எந்தப் பக்கம் இறங்கும்? (அந்த மர்ம நாவலின் துப்பு பற்றி)

லயத்து மகள்:
மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்டில் இப்போ எல்லாரும் கைமாத்திப் படிக்கிற மர்ம நாவலைப் பத்தி தாமான் வாசகன் நேத்து எழுதியிருந்தார்: "இதைவிடக் கச்சிதமான துப்பு தமிழில் கிடையாது." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு.

தெரியாதவங்களுக்குக் கதை: ரப்பர் தோட்டத்துக் கிராணி (ஆபீஸ் கணக்கப்பிள்ளை) கொலை. கழுத்துல பால் வெட்டுற உளியால வெட்டு. முதல் நாள் பெரட்டுல (காலையில பேர் கூப்பிடுற இடத்துல) சம்பளத் தகராறு பண்ணின பால்வெட்டுத் தொழிலாளியைப் பிடிச்சு உள்ள வைக்கிறாங்க. கடைசியில இன்ஸ்பெக்டர் அவரோட நிரைக்கு (அவர் வெட்டுற மர வரிசைக்கு) போறார். "இவர் இடக்கைக்காரர். மரத்துல வெட்டு வலமிருந்து இடமா இறங்குது. பிணத்துல இடமிருந்து வலமா இறங்குது." விடுதலை!

எந்தத் தோட்டத்துல ஐயா அப்படி வெட்ட விட்டாங்க? எந்தக் கையானாலும் இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. பட்டைக்குள்ள பால் குழாய் நேரா நிக்காது, லேசா வலப்பக்கம் சாஞ்சு ஏறும். அதுக்குக் குறுக்கே போனாத்தான் நிறைய குழாய் அறுபடும், பால் கூட வரும். மாத்தி வெட்டியிருந்தா மண்டோர் (மேஸ்திரி) அன்னைக்கே உளியைப் பிடுங்கியிருப்பார்.

தாமான் வாசகன்:
அக்கா, இது நாவல். விவசாய இலாகா கையேடு இல்ல. கொலைப்பழி விழுந்ததும் லயமே (தொழிலாளர் வரிசை வீடுகளே) முகத்தைத் திருப்பிக்குது, அவர் சம்சாரம் கடையில அரிசிக்குக் கடன் கேட்டு நிக்கிறாங்க. அந்தப் பக்கமெல்லாம் கண்ணுல படலையா?

லயத்து மகள்:
பட்டுச்சு. அழுதேன். அதனாலதான் கேக்கிறேன். அந்த மனுஷன் உயிர் அந்த ஒரு வெட்டுலதான் நிக்குது. எந்தத் தோட்டத்துல அப்படி வெட்ட விட்டாங்க?

கம்பத்துக்காரன்:
என் மாமா இடக்கை. மாத்தித்தான் வெட்டுறார். பால் வருது.

லயத்து மகள்:
எந்தத் தோட்டம்?

கம்பத்துக்காரன்:
சொந்தத் தோட்டம். மூணு ஏக்கர்.

லயத்து மகள்:
அவர் மரம், அவர் இஷ்டம். நாவல் நடக்கிறது துரை தோட்டத்துல.

கம்பத்துக்காரன்:
சொந்த நிலம் வச்சிருக்கிறவன் பால் வெட்டினா அது வெட்டு இல்லையா? லயத்துல பிறந்தவங்களுக்கு மட்டும்தான் ரப்பர் தெரியுமா?

கிராணி பேரன்:
மறுநடவுக்கு மரம் சாய்க்கப் போற காலத்துல தோட்டத்துலயே கண்டபடி வெட்ட விடுவாங்க. ஏணி வச்சு மேல் வெட்டுகூட உண்டு. அக்காவுக்கு இது தெரியாது போல.

லயத்து மகள்:
மூணாவது அத்தியாயத்தைத் திறந்து பாருங்க. "புதுசாத் திறந்த மரங்கள்"னு எழுதியிருக்கு. சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தப்புறம்தான் ஒரு மரத்தைத் திறப்பாங்க, அதாவது முதல் வெட்டு போடுவாங்க. இன்னும் எத்தனையோ வருஷம் பால் கொடுக்க வேண்டிய மரத்துல கண்டபடி வெட்ட எவன் விடுவான்? ஆபீஸ் நாற்காலியிலிருந்து பார்த்தா நிரை தெரியாது தம்பி.

கிராணி பேரன்:
என் தாத்தாவை இழுக்காதீங்க. செத்துப்போன கிராணிக்காக இந்த நாவல்ல ஒரு வரி இரக்கம் இல்ல. கிராணின்னா கெட்டவன், அவ்வளவுதான் உங்களுக்கு.

லயத்து மகள்:
பால் நிறுக்கிற தராசு பக்கத்துல நின்னவங்களைக் கேளுங்க, கிராணியைப் பத்திச் சொல்லுவாங்க.

புது வாசகி:
குறுக்க வரதுக்கு மன்னிக்கணும். கதையில ஜூரி வருதே, அதுவும் தப்புதானே? நம்ம நாட்டுல ஜூரி ஏது?

லயத்து மகள்:
இருந்துச்சும்மா. மரண தண்டனை வழக்குக்கெல்லாம் ஜூரி உண்டு, 1995-லதான் எடுத்தாங்க. கதை 1970-களில நடக்குது. ஜூரி சரி, பெரட்டு சரி. வெட்டுதான் தப்பு.

தாமான் வாசகன்:
உண்மையான ஓட்டை வேற. கொலைகாரன் முன்னால நின்னானா பின்னால நின்னானாங்கிறதைப் பொறுத்துக் கழுத்துல வெட்டின் திசையே மாறும். அதை யாரும் கேக்கல.

லயத்து மகள்:
நான் கழுத்தைப் பேசல. மரத்தைப் பேசறேன்.

கம்பத்துக்காரன்:
தகராறு பண்ணினான்னு உடனே ஒரு தொழிலாளியைப் பிடிச்சு உள்ள போடறதே எனக்கு நம்ப முடியல.

லயத்து மகள்:
இந்த ஊர்ல இருந்துக்கிட்டா இதைச் சொல்றீங்க? 1948 ஜூன் 16-ல மூணு வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டுக் கொன்னது இந்த வட்டாரத்துத் தோட்டங்கள்லதான். அதோட வந்த அவசரகாலம் 1960 வரைக்கும் நீடிச்சுது. எங்க தாத்தா கடைசி வரைக்கும் காக்கிச் சட்டையைக் கண்டா எழுந்து நிப்பார். நாவல்ல அந்த மனுஷன் ஸ்டேஷன்ல செருப்பை வெளிய விட்டுட்டு, ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நிக்கிறாரே, அது அச்சு அசல். அவ்வளவு தெரிஞ்ச எழுத்தாளருக்கு ஒரு மரத்து முன்னால போய் நிக்கத் தெரியலையே!

தாமான் வாசகன்:
போன வருஷம் சிறுகதைப் போட்டியில என் கதையையும் இப்படித்தான் ஒரே ஒரு மங்குக்காக (பால் பிடிக்கிற கோப்பைக்காக) கீழே தள்ளினீங்க. மறக்கல.

லயத்து மகள்:
உங்க கதையில மழை கொட்டுது, அவர் பால் வெட்டுறார். மழைத்தண்ணி விழுந்த மங்குல என்ன பால் தேறும்? இன்னைக்கும் அதே மார்க்தான் போடுவேன்.

கிராணி பேரன்:
நடுவர் பதவியை யார் கொடுத்தாங்கன்னும் எல்லாருக்கும் தெரியும்.

கம்பத்துக்காரன்:
மாமா மரத்தை நாளைக்கே படம் எடுத்துப் போடறேன். அப்புறம் பேசுவோம்.

லயத்து மகள்:
போடுங்க. தோட்டத்துப் பலகையும் படத்துல தெரியணும்.