மாவுக்கட்டு அறிவுரைத் தாளைப் படிக்க முடியவில்லை என்கிறார்கள் – தவறு எழுத்துருவிலா, அமைப்பிலா?

செவிலி எழுதியது:

வணக்கம். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்புபவர்களுக்கு ஒரு பக்க அறிவுரைத் தாள் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த தாளைத் திறந்து, அதே அமைப்பின் மேல் தமிழைத் தட்டச்சு செய்தேன். ஆங்கிலத் தாள் தெளிவாக இருக்கிறது. தமிழ்த் தாளில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

நேற்று ஒரு பெரியவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நீயே சொல்லிவிடம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். படித்தவர், கண்ணாடியும் அணிந்திருந்தார். நான் வாயால் சொன்னது வாசலைத் தாண்டுவதற்குள் பாதி மறந்துவிடும். நள்ளிரவில் விரல் வீங்கினால் அவர் கையில் இருக்கப்போவது அந்தத் தாள் மட்டும்தான்.

எழுத்து 12 பாயிண்ட். இருபுறமும் ஓரம் சீராக வரும்படி வைத்திருக்கிறேன். தலைப்பு எழுத்துகளுக்கு இடையே இடம் விட்டு அகலப்படுத்தியிருக்கிறேன். முக்கியமானவை தடித்த எழுத்தில், எச்சரிக்கைகள் இளம்பச்சையில். வேறு எழுத்துரு போட்டால் சரியாகுமா? படம் இணைத்திருக்கிறேன்.

அச்சுக்கோப்பவர்:

எழுத்துருவை இப்போதைக்குத் தொட வேண்டாம். பத்தி அமைப்பில் வரி இடைவெளி என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்.

செவிலி:

'எக்ஸாக்ட்லி 14 பாயிண்ட்' என்று இருக்கிறது. ஆங்கிலத் தாளிலும் அதேதான்.

அச்சுக்கோப்பவர்:

அதுதான் நோய். அந்த அமைப்பு, எழுத்துக்கு எவ்வளவு உயரம் தேவைப்பட்டாலும் 14 பாயிண்டுக்கு மேல் ஒரு மயிரிழைகூடத் தராது. ஆங்கிலத்தில் எழுத்தின் மேலோ கீழோ நீள்பவை சில கோடுகள்தான். தமிழில் தலைக்கு மேல் புள்ளியும் விலங்கும் ('கி', 'கீ'யில் வரும் வளைவு), காலுக்குக் கீழ் உகரச் சுழியும் கோடும் வருகின்றன.

உங்கள் படத்தில் மூன்றாவது வரியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'கை கழுவும்போது' என்பதில் உள்ள 'ழு'வின் வால், அடுத்த வரியில் இருக்கும் 'வீட்டில்' என்ற சொல்லின் ஈகாரச் சுழியில் போய் விழுந்திருக்கிறது. சுழி மறைந்து அது 'விட்டில்' ஆகிவிட்டது. பெரியவர் விட்டில் பூச்சி என்று நினைத்திருக்க மாட்டார். ஆனால் கண் அங்கே ஒரு கணம் தடுக்கி நின்றிருக்கும். பக்கம் முழுக்க இப்படித் தடுக்கினால் யாரும் தாளைத் திருப்பித்தான் கொடுப்பார்கள்.

வரி இடைவெளியை 'மல்டிபிள்' (எழுத்தின் அளவுக்கேற்ப மாறும் மடங்கு) என்று மாற்றி 1.3-இல் தொடங்கிப் பாருங்கள். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் வரிகளுக்கு நடுவே ஈயத் தகடுகளைச் செருகித்தான் இடைவெளி உண்டாக்கினார்கள். ஆங்கிலத்தில் அந்த இடைவெளிக்கு 'லெடிங்' என்ற பெயர் அந்த ஈயத்திலிருந்து வந்தது. வரிக்கு நடுவில் உள்ள வெற்றிடமும் கோக்கப்படும் பொருள்தான். அதை மிச்சம் பிடிக்கும் இடமாக நினைக்காதீர்கள்.

அடுத்தது ஓரம். தமிழில் சொற்கள் நீளம், ஆகவே ஒரு வரியில் ஐந்தாறு சொற்களே நிற்கும். இருபுறமும் சமமாக்கினால் மிஞ்சும் இடம் முழுவதையும் அந்த நாலைந்து இடைவெளிகள் சுமக்க வேண்டும். உங்கள் தாளில் சொற்களுக்கு நடுவே தெரியும் வெள்ளைப் பள்ளங்கள் அப்படி வந்தவைதான். இடப்புறம் மட்டும் சீராக வையுங்கள், வலப்புறம் ஏறி இறங்கி இருக்கட்டும்.

தலைப்பில் விட்ட எழுத்திடைவெளியைப் பூஜ்யம் ஆக்குங்கள். 'தொடர்பு' என்பதில் கொம்பு ஒரு பக்கம், 'த' நடுவில், கால் ஒரு பக்கம் என்று 'தொ' மூன்று துண்டாகக் கிடக்கிறது.

ஒளிநகல் கடைக்காரர்:

இளம்பச்சையை விட்டுவிடுங்கள் அம்மா. கறுப்பு வெள்ளை நகலில் அது வெளிறிய சாம்பலாகிவிடும். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை நெறிகளே சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன. எச்சரிக்கையைக் கறுப்பில் அச்சிட்டு, சுற்றிக் கட்டம் போடுங்கள்.

தடித்த எழுத்தையும் குறையுங்கள். நகலுக்கு நகல் எடுக்கும்போது முதலில் அடைபடுபவை சுழிகள்தான். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒரே மைத்திட்டாகிவிடும். மெல்லிய கோடுகள் உள்ள எழுத்துருவிலோ கோடே காணாமல் போகும். கோடுகள் ஒரே கனமாக உள்ள 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற ஒன்றை, சாதாரண கனத்தில், 14 பாயிண்டில் போடுங்கள்.

மெய்ப்புத் திருத்துநர்:

வடிவத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது ஏழாவது வரி. 'கட்டின் மேல் தண்ணீர் ஊற்ற' என்று முடிந்து, 'கூடாது' அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் 'செய்யாதே' என்ற குறிப்பு வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். நமக்கு மறுப்பு கடைசியில்தான் வரும். அவசரமாகப் பார்ப்பவர் முதல் வரியோடு கண்ணை எடுத்துவிட்டால், நீங்கள் சொன்னதற்கு நேர் எதிராகப் படித்திருப்பார். பேசும்போது முகத்தைச் சுளித்தும் கையை அசைத்தும் 'வேண்டாம்' என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம். எழுத்துக்கு முகம் கிடையாது. அந்த வேலையை வரியமைப்புதான் செய்ய வேண்டும்.

'ஊற்றக்கூடாது' என்று சேர்த்தே எழுதுங்கள். சேர்க்க முடியாத இடங்களில், இரு சொற்களுக்கு நடுவே கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேர்டு அந்த இடத்தில் வரியை முறிக்காது. இன்னும் நல்லது, வாக்கியத்தையே சுருக்குவது: 'கட்டு நனையக்கூடாது.' இரண்டே சொற்கள்.

வரிசையும் மாற வேண்டும். 'விரல் நீலம் பாரித்தால், மரத்துப்போனால், வலி கூடிக்கொண்டே போனால் உடனே வாருங்கள்' என்பது அடியில் கிடக்கிறது. கட்டத்துக்குள் மேலே வர வேண்டியது அதுதான். தொலைபேசி எண் அதன் கீழேயே இருக்கட்டும். குளிப்பது, தூங்குவது எல்லாம் பிறகு.

செவிலி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இடைவெளியை 1.3 ஆக்கியதுமே வரிகள் பிரிந்து நின்றன. ஆனால் தாள் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. பழையபடி நெருக்க மனமில்லை, ஆகவே சொற்களை வெட்டினேன். வரவேற்பு வாசகம் போயிற்று, 'தயவுசெய்து' எட்டு இடங்களில் போயிற்று. தடித்த எழுத்து கட்டத்துக்குள் மட்டும்.

இன்று காலை கட்டுப் போட்டுக்கொண்ட ஓர் அம்மாவிடம் கொடுத்து, "எப்போது உடனே வர வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று கேட்டேன். கட்டத்தின் மேல் விரலை வைத்து மூன்றையும் படித்துக் காட்டினார். குளிப்பதைப் பற்றிக் கேட்டபோதுதான் கொஞ்சம் தேடினார்.

அச்சுக்கோப்பவர்:

தேடினார் என்றால் அந்தப் பத்திக்குத் துணைத்தலைப்பு இல்லை. 'குளிக்கும்போது' என்று தனி வரியில் போடுங்கள். தலைப்புக்கு மேலே நிறைய இடமும் கீழே குறைவான இடமும் விட்டால், அது எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று கண்ணுக்குத் தானே தெரியும். மாற்றிய பிறகு படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.