தொட்டி ஆலமரத்துக்கு 80 வயதாம்!

உச்சிப்புளி மாடி: நேற்று ஒருவர் இங்கே படம் போட்டிருந்தார். மதுரையில் போன்சாய்க் கண்காட்சி, அதாவது தொட்டியில் குட்டையாக வளர்த்த மரங்கள்; அதில் ஒன்றரை அடி ஆலமரம், பக்கத்து அட்டையில் "வயது 80". கீழே அவர் கைச்சரக்காக ஒரு வரி வேறு, "இந்தப் பொறுமை ராமநாதபுரத்துக்காரர்களுக்கு வராது". ஏன் வராது? ஆலமரத்தை நிலத்தில் நட்டு இஷ்டத்துக்கு ஓடவிட்டு, அடித்தண்டு கனத்ததும் மேலே வெட்டி, வேரைக் குறைத்துத் தொட்டிக்கு மாற்றினால் 15 வருடத்தில் அதே மரம் கிடைக்கும். 80 எங்கிருந்து வந்தது?

பாம்பன்காற்று: படம் போட்டது நான்தான். வளர்த்தவரிடமே கேட்டேன், அவருடைய அப்பா காலத்து மரம் என்றார். ஜப்பானில் யமாகி குடும்பம் வளர்த்த வெள்ளைப் பைன் 1625-லிருந்து தொட்டியில் இருப்பது. 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்துக்கு 3 கிலோமீட்டர் பக்கம் இருந்து தப்பியது, 1976-ல் அமெரிக்காவுக்குக் கொடுத்தார்கள், இன்றும் வாஷிங்டனில் நிற்கிறது. அதை நம்புவீர்கள், மதுரைக்காரர் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

உச்சிப்புளி மாடி: ஹிரோஷிமாவுக்கு ஏன் போகிறீர்கள்? நான் கேட்டது மதுரைத் தொட்டியை. 80-க்கு ஆதாரம்?

தொண்டித் தம்பி: வளையத்தை எண்ணினால் தெரியாதா அண்ணே?

உச்சிப்புளி மாடி: எண்ணுவதற்கு மரத்தை அறுக்க வேண்டும் தம்பி. அறுத்தாலும் குளிர்நாட்டு மரம் மாதிரி நம்ம ஊர் ஆலுக்கு வருடத்துக்கு ஒரு வளையம் ஒழுங்காக விழாது. அதனால்தான் அட்டையில் யார் என்ன வேண்டுமானாலும் எழுதுகிறார்கள். 80!

கீழக்கரை லாத்தா: வயதை விடுங்களேன். தனுஷ்கோடி போகிற வழியில் உடைமரம் உப்புக்காற்றில் குடை விரித்த மாதிரி படுத்து நிற்கிறது, கம்பி சுற்றி வளைக்காமலே அந்த வளைவு. அதைப் பார்க்காமல் டிக்கெட் வாங்கி மதுரைக்குப் போகிறீர்கள்.

தொண்டித் தம்பி: குருசடைத் தீவில் பெம்பிஸ் என்று ஒரு செடி இருக்கிறதாமே லாத்தா? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில் போன்சாய்க்காரர்கள் அதற்குத்தான் அலைகிறார்களாம். படகில் போய் ஒன்றே ஒன்று பெயர்த்து வந்தால்...

கீழக்கரை லாத்தா: வாப்பா, நன்றாகப் போய்வா! 1986-லிருந்து அது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவும் அதில் அடக்கம். வனத்துறை உன்னைத் தொட்டியில் வைக்கும்.

பாம்பன்காற்று: உச்சிப்புளியார் இவ்வளவு பேசுகிறாரே, அவர் மாடியில் இருந்த அத்தி என்ன ஆனது என்று கேளுங்கள். இலை ஓரமெல்லாம் கருகி ஒரே கோடையில் போய்ச் சேர்ந்தது.

உச்சிப்புளி மாடி: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, சின்னத் தொட்டியில் உப்பு கழுவிப்போக வழியில்லாமல் மண்மேல் வெள்ளையாகப் படிகிறது. ஐப்பசி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்ற வேண்டும், அந்த வருடம் மழையே ஏமாற்றிவிட்டது. இது ஊருக்கே தெரியும். அப்புறம், என்னிடம் வாங்கிப்போன வேர் வெட்டும் கத்தரி எங்கே? அதை வைத்துக்கொண்டு எனக்கே பாடம் நடத்துகிறீர்கள். சரி, 80-க்கு வருகிறேன். அப்பா காலத்து மரம் என்றால் அப்பா எந்த வயதில் நட்டார்? நாற்றாக நட்டாரா, கனத்த கட்டையை வாங்கி வைத்தாரா? கேட்டீர்களா?

பாம்பன்காற்று: கண்காட்சிக்குப் போனவன் ரசிக்கப் போவானா, பிறப்புச் சான்றிதழ் கேட்கப் போவானா? விழுது தொட்டி மண்ணில் இறங்கி ஊன்றியிருந்தது, அந்த அழகு உங்கள் கண்ணில் படவில்லை. கத்தரி நீங்கள் தரும்போதே துரு.

உச்சிப்புளி மாடி: துருவா? எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்! விழுது ஈரக்காற்று கிடைத்தால் சீக்கிரமே இறங்கும், அதை வைத்தும் 80 சொல்ல முடியாது.

தொண்டித் தம்பி: ஆல் வேண்டாம், நான் சீமைக்கருவேலத்தைத் தொட்டியில் வைக்கப் போகிறேன்.

கீழக்கரை லாத்தா: ஊரே வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறது, இவர் தொட்டியில் வைத்து வளர்க்கிறாராம்.

பாம்பன்காற்று: தம்பி, வை. 80 வயது என்று அட்டை மட்டும் போடாதே, மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வருவார்.

உச்சிப்புளி மாடி: வருவேன். முதலில் கத்தரி.